போகாத மரு

மருவுக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. அம்மான் பச்சரிசிப் பாலை விடாமல் தடவு என்பார் ஒருவர். சுண்ணாம்பு வைத்தால் வெந்து விழுந்துவிடும் என்பார் அடுத்தவர். தலைமுடியால் இறுக்கிக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். வெல்லத்தோடு மருவும் கரைந்துவிடும் என்று குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். இதில் சுவாரஸ்யம், இத்தனை வைத்தியத்துக்கும் உயிருள்ள சாட்சிகள் இருப்பதுதான். "எனக்குப் போச்சே" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. மரு நிஜமாகவே போயிருக்கும்.

போனதற்குக் காரணம்தான் வேறு. 1963இல் மாஸிங், எப்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகம் ஒன்றில் இருந்த 1,000 குழந்தைகளை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் எந்த வைத்தியமும் இல்லாமல் தாமாகவே மறைந்திருந்தன. அப்படியானால், பொறுமையாக இரண்டு வருடம் செய்கிற எந்த வைத்தியமும் மூன்றில் இரண்டு பேரிடம் பெயர் வாங்கிவிடும்.

மருத்துவமனை வைத்தியமும் இந்த விஷயத்தில் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. பிரிட்டனில் பாத மரு உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் சிகிச்சையும், மற்றவர்களுக்கு 50 சதவீத சாலிசிலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. 12 வாரங்களுக்குப் பிறகு மரு முழுதாக மறைந்தவர்கள் இரு பிரிவிலும் 14 சதவீதம்தான்.

இங்கே மரு என்று சொல்வது கழுத்தைச் சுற்றித் தொங்கும் மெல்லிய சதைத் துணுக்குகளை அல்ல. அவற்றையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவை பெரும்பாலும் வெறும் தோல் வளர்ச்சிகள். வைரஸால் வரும் மரு சொரசொரப்பாக இருக்கும். மேலே சுரண்டினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். உள்ளே அடைபட்ட நுண் ரத்தக்குழாய்கள் அவை. உள்ளங்காலில் வரும்போது இதைக் கால் ஆணி என்று நினைத்து வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

தானாகவும் போகாமல், அமிலத்துக்கும் உறைவுக்கும் மின்சாரச் சூட்டுக்கும் மசியாமல், இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிற மருக்களைத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அந்த நோயாளிகளுக்கு அடுத்துக் கிடைப்பது ஓர் எளிய தீர்ப்பு: "உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை." இந்தத் தீர்ப்பு சரிதானா? ரத்தத்தில் அதற்கான அடையாளம் ஏதும் தெரிகிறதா?

முதலில் வைரஸின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். மரு வைரஸால் வருகிறது என்பதற்கான தடயம் 1907இலேயே கிடைத்தது. பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் மருச்சாற்றை வடிகட்டி, அதைத் தோலில் ஏற்றினாலும் மரு முளைக்கிறது என்று இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ காட்டினார். காரணம் மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இன்று 200க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். கருப்பைவாய்ப் புற்றுநோயால் பெயர்கெட்ட 16, 18 ஆகியவை வேறு. கை கால் மருக்களுக்குப் பெரும்பாலும் காரணமான 1, 2, 4, 27, 57 வகைகள் வேறு.

கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக நுழையும் வைரஸ், மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் குடியேறுகிறது. அங்கே அது கிட்டத்தட்ட எதுவுமே செய்வதில்லை. தன் புரதங்களை மிகக் குறைவாகவே உற்பத்தி செய்துகொண்டு அடங்கியிருக்கும். அந்தச் செல்கள் பிரிந்து, முதிர்ந்து, மேலே ஏறி, சாகும் தறுவாயை எட்டும்போதுதான் வைரஸ் தன் உறையைத் தயாரித்து முழு உருவம் எடுக்கும். எப்படியும் உதிரப்போகிற செல்லோடு சேர்ந்து வெளியே போய்விடும். எந்தச் செல்லையும் அது உடைப்பதில்லை. அதனால் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, அபாய அறிவிப்பு இல்லை. ரத்தத்தில் கலப்பதும் இல்லை. போதாக்குறைக்கு, தோலில் காவலுக்கு நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் மரு இருக்கும் இடத்தில் எண்ணிக்கையில் குறைந்துபோகின்றன. தொற்றிய செல்கள் எழுப்ப வேண்டிய இன்டர்ஃபெரான் சமிக்ஞையையும் வைரஸ் மட்டுப்படுத்திவிடுகிறது.

ஆக, நல்ல ஆரோக்கியமான உடம்பில்கூட மரு மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் இருக்கிறது என்பதில் வியப்பில்லை. பின் எப்படி ஒருநாள் மறைகிறது?

அந்த வேலையைச் செய்வது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதங்களா, நேரில் போய்த் தாக்கும் டி செல்களா என்ற கேள்விக்கு, பிறவியிலேயே ஏதாவது ஒன்று இல்லாதவர்கள் விடை தருகிறார்கள். ஆன்டிபாடியே உற்பத்தி செய்ய முடியாமல் பிறக்கும் சிறுவர்கள் உண்டு. அவர்களுக்கு நிமோனியா வரும், காது சீழ்பிடிக்கும்; ஆனால் மரு மற்றவர்களைவிட அதிகமாக வருவதில்லை. டி செல் பழுதானவர்களின் கதை வேறு. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரின் கைகளை மருக்கள் மொய்த்துவிடுகின்றன.

இதை இன்னும் கூர்மையாக்கியது ஈரானைச் சேர்ந்த ஒரு குடும்பம். அதில் ஒருவருக்கு உடம்பில் கொம்பு கொம்பாக மருக்கள் வளர்ந்தன. 'மர மனிதர்' என்று செய்தித்தாள்கள் பெயர் வைத்த அந்த அரிய நிலை. இந்தோனேசியாவிலும் வங்கதேசத்திலும் இப்படிப்பட்டவர்களின் படங்கள் உலகம் முழுக்கப் பரவியதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பரவியது படம்தான், காரணம் தெரியாது. ஈரானியரின் கொம்புகளில் இருந்தது எச்.பி.வி. 2, சாதாரணமாகக் கையில் வரும் மருவை உண்டாக்கும் அதே வைரஸ். அவருடைய உறவினர் இருவருக்கு எச்.பி.வி. 4ஆல் கடுமையான மருக்கள். பாரிஸில் விவியன் பெஸியா, ழான்-லோரான் கசனோவா குழுவினர் இவர்களின் மரபணுக்களைத் துருவி 2021இல் 'செல்' ஆய்விதழில் எழுதினார்கள். மூவருக்கும் சிடி28 என்ற மூலக்கூறு டி செல்களின் மேற்பரப்பில் இல்லை.

பாடப்புத்தகம் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சி. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டியிருப்பதுபோல டி செல் கிளம்பவும் இரண்டு சமிக்ஞைகள் வேண்டும் என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் சமிக்ஞை எதிரியின் துண்டு. இரண்டாவது சிடி28 வழியாக வருவது. சிடி28 இல்லாமல் பிறந்தால் சின்னஞ்சிறு தொற்றும் ஆளைக் கொன்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டும். இவர்களோ மருவைத் தவிர மற்றபடி ஆரோக்கியமாகவே இருந்தார்கள். ஆயிரக்கணக்கான கிருமிகளுக்கு எதிராக இரண்டாம் சாவி இல்லாமலே லாக்கர் திறந்திருக்கிறது. மரு வைரஸுக்கு மட்டும் திறக்கவில்லை. இன்னொரு விவரமும் முக்கியம். எச்.பி.வி. 2, 4 இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் அவர்கள் ரத்தத்தில் இருந்தன. அந்த வைரஸ்களை அடையாளம் காணும் சிடி4 வகை டி செல்கள்தான் இல்லை. ஆன்டிபாடி இருந்தும் ஒருவர் உடம்பில் கொம்பு முளைத்தது.

டி செல்லுக்குச் செய்தி கொண்டுபோகிறவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. அதற்குத் துப்பு கொடுத்தது விம் என்ற அரிய நோய். மரு, ஆன்டிபாடி குறைவு, அடிக்கடி தொற்று, எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் தேங்கிநிற்பது ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. மஜ்ஜையில் வெள்ளணுக்களைப் பிடித்துவைக்கும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற கொக்கி, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கொக்கிக்கான மரபணுவில்தான் பிழை என்று 2003இல் தெரிந்தது. இந்த நோய் உள்ளவராக மருத்துவ இலக்கியத்தில் முதலில் பதிவானவர் அமெரிக்கச் சிறுமி ஒருவர். 1964ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் கதை இருக்கிறது. அவரே அறுபது வயதை நெருங்கும்போது, தன்னைப்போலவே இந்த நோயோடு பிறந்த இரு மகள்களோடு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்தார். மகள்களுக்கு நோய் இருந்தது, அம்மாவுக்கு இல்லை! மருக்கள் மறைந்து, தொற்றுகள் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன.

2015இல் டேவிட் மெக்டெர்மாட், ஃபிலிப் மர்ஃபி குழுவினர் காரணத்தை விளக்கினார்கள். எப்போதோ அவருடைய மஜ்ஜையின் ஒரே ஒரு மூலசெல்லில் இரண்டாம் குரோமோசோம் சிதறி, தாறுமாறாக ஒட்டிக்கொண்டது. அந்தக் களேபரத்தில் 164 மரபணுக்கள் தொலைந்தன. அவற்றில் ஒன்று, பிழையான அந்தக் கொக்கி மரபணு. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய விபத்து அவருக்கு வைத்தியமாகிவிட்டது. விடுதலை பெற்ற அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மஜ்ஜையை நிரப்பின.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் அதிசயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது ஓர் உபரித் தகவல். குணமான பிறகும் அவருடைய டி செல்களிலும், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களிலும் பழைய பிழை அப்படியே இருந்தது. திருந்தியிருந்தது நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்கள் பிறக்கும் கிளை. தாக்கும் படை பழையது; செய்தி கொண்டுபோகும் கிளை புதிது; மருவோ போய்விட்டது. இதோடு ஜிஏடிஏ2 என்ற மரபணுப் பழுதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011இல் அடையாளம் காணப்பட்ட அந்த நோயில் மோனோசைட்டுகளும், எதிரியின் துண்டை டி செல்லிடம் காட்டும் டென்ட்ரிடிக் செல்களும் கிட்டத்தட்ட இல்லாமல் போகின்றன. அங்கும் மருக்கள் பிடிவாதமாக நிற்கின்றன. மருவை விரட்டுவதில் டி செல்லுக்குத் தகவல் போய்ச்சேர்வதே பாதி வேலை என்று இவை சேர்ந்து சொல்வதாக நினைக்கிறேன்.

விம் நோய்க்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் மேவோரிக்ஸாஃபோர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. கொக்கியைத் தளர்த்தும் மருந்து. ரத்தத்தில் நியூட்ரோஃபில்களும், டி செல்லும் பி செல்லும் அடங்கிய லிம்போசைட்டுகளும் கூடின, தொற்றுகள் குறைந்தன. ஆனால் 52 வார ஆய்வில் மருவைப் பொறுத்தவரை மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை. ரத்த அறிக்கையில் எண்கள் சரியாவதற்கும் விரலில் மரு விழுவதற்கும் இடையே இத்தனை தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தின் எல்லையில் நிற்பது எபிடெர்மோடிஸ்பிளாசியா வெருசிஃபார்மிஸ். 1922இல் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் இருவரும் விவரித்த பரம்பரை நோய். இதில் வரும் தட்டையான திட்டுகள் சில சமயம் தேமலைப் போலவே இருக்கும். வெயில் படும் இடங்களில் பின்னாளில் புற்றாக மாறும் ஆபத்து உண்டு. வார்சாவின் ஸ்டெஃபானியா யபுவோன்ஸ்காவும் பாரிஸின் ஜெரார் ஓர்த்தும் 1970களில் இந்த நோயாளிகளை ஆராய்ந்துதான் எச்.பி.வி. 5 போன்ற வகைகளைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தினார்கள். மற்றவர்கள் தோலில் அந்த வகைகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருந்துவிட்டுப் போகும். இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களில் 2002இல் இரண்டும், 2018இல் மூன்றாவதும் பிடிபட்டன. மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை தோல் செல்லுக்கு உள்ளேயே வைரஸை அடக்குவது. இவர்களின் வெள்ளணுக்களில் குறை ஒன்றும் தெரிவதில்லை. எதிர்ப்பு பழுதாகியிருப்பது தோலில். ரத்தத்தை எத்தனை முறை எடுத்தாலும் இந்த நோய் ரத்த எண்ணிக்கையில் அகப்படாது.

இனி சாதாரண நோயாளிக்கு வருவோம். ஐந்து வருடமாகப் போகாத மருவோடு வரும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு மேற்சொன்ன எந்த நோயும் இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. எகிப்து, ஈரான், இராக், இந்தியா என்று பல நாடுகளிலிருந்தும் இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தை அளந்த சிறுசிறு ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூகின் 10, இன்டர்லூகின் 17, சிடி4-சிடி8 விகிதம், துத்தநாகம், வைட்டமின் டி என்று அளவுகள் நீள்கின்றன. ஓர் ஆய்வில் குறைவாகத் தெரிவது இன்னொன்றில் சரியாக இருக்கிறது. "போகாத மரு" என்பதற்கான வரையறையே ஆய்வுக்கு ஆய்வு மாறும்போது இது எதிர்பார்க்கக்கூடியதுதான். துத்தநாகத்துக்கு ஒருமுறை பெரிய நம்பிக்கை பிறந்தது: 2002இல் பாக்தாதிலிருந்து வந்த ஆய்வு, துத்தநாக சல்ஃபேட் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு மரு மறைந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றின. வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் மாத்திரைக்கும் இதே கதிதான். போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் பெருமை கரைந்துவிட்டது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் "உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு" என்று சொல்வது நியாயமில்லை என்பேன். அவருக்குச் சளி வந்தால் சரியாகிறது; வெட்டுக்காயம் ஆறுகிறது; போட்ட தடுப்பூசி பிடிக்கிறது. அவர் உடம்புக்கு ஒரே ஒரு வைரஸ் இருப்பதுதான் இன்னும் தெரியவில்லை. கஷாயப் பொடியும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' டப்பாவும் வாங்கச் சொல்லி அவரைத் துரத்துவது வியாபாரம். அந்த டப்பாவில் இருக்கும் எதுவும் சாகப்போகிற தோல் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைக் காட்டிக்கொடுக்காது.

அதற்காக ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருவோடு அடிக்கடி நிமோனியாவோ காதில் சீழோ வந்தால், மருக்கள் நூற்றுக்கணக்கில் பரவினால், தேமல் போன்ற திட்டுகள் எந்தக் களிம்புக்கும் மசியாமல் சிறு வயதிலிருந்தே இருந்தால், குடும்பத்தில் இன்னொருவருக்கும் அப்படியே இருந்தால் அவசியம் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை, இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அளவு, லிம்போசைட் வகைகளின் எண்ணிக்கை ஆகியவை அப்போது பொருளுள்ளவை. அதற்கும் முன்னால், எந்த ஊர் ஆய்வகத்திலும் மலிவாகச் செய்யும் முழு ரத்த எண்ணிக்கை இருக்கிறது. ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடும் அந்தத் தாளில் மோனோசைட் என்று ஒரு வரி உண்டு. அது மீண்டும் மீண்டும் பூஜ்யத்தை ஒட்டி வருமானால் ஜிஏடிஏ2 பழுதை நினைக்க வேண்டும். பின்னாளில் ரத்தப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய நோய் அது. லிம்போசைட் வரியும் அப்படித் தொடர்ந்து மிகக் குறைவாக வந்தால் கவனிக்க வேண்டும்.

மற்றவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இப்போது செய்வது, உடம்புக்கு வைரஸை வலியச் சென்று காட்டுவது. எதிர்ப்பாற்றலுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு பொருளை ஒரே ஒரு மருவுக்குள் ஊசியால் செலுத்துவார்கள்: தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ருபெல்லா தடுப்பூசி, கேண்டிடா பூஞ்சையின் சாறு, காசநோய்த் தோல் பரிசோதனைக்கான புரதம் என்று எதுவாகவும் இருக்கலாம். இந்தியாவுக்கே உரிய ஒன்றும் உண்டு. டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர் தொழுநோய்க்காக உருவாக்கிய மைக்கோபாக்டீரியம் டபிள்யூ தடுப்பூசியை நம் மருத்துவர்கள் மருவுக்கும் பயன்படுத்துகிறார்கள். பழகிய எதிரியைத் தேடி வரும் செல்கள், பக்கத்தில் இருக்கும் பழகாத வைரஸையும் பார்த்துவிடுகின்றன. ஊசி போட்ட மரு மட்டும் போனால் ஊசியின் காயத்தால் போயிருக்கலாம். ஆனால் கையில் போட்ட ஊசிக்குக் காலில் இருக்கும் மருவும் சேர்ந்து மறையும்போதுதான் டி செல்கள் உடம்பெங்கும் சுற்றக் கிளம்பியது உறுதியாகிறது.

இதைவிட எளிய வழி ஒன்றைக் கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் 2009இல் எழுதினார்கள். நோயாளியின் மருவிலிருந்தே ஒரு துணுக்கை வெட்டி, முன்கையில் சிறு கீறலிட்டு, தோலுக்கு அடியில் வைத்து மூடிவிடுவது. செலவு கிட்டத்தட்ட இல்லை. மேல்தோலில் பத்திரமாக ஒளிந்திருந்த வைரஸ், காவல் செல்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. பலருக்கு எல்லா மருக்களும் சில வாரங்களில் உதிர்ந்தன. அதன்பின் இந்தியாவில் பல மருத்துவமனைகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: வெறும் உப்பு நீரை ஊசியில் போட்ட ஒப்பீட்டுக் குழுக்களிலும் சிலருக்கு மரு போயிருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வின் சதவீதங்களைப் பாதி நம்பினால் போதும்.

செய்தி போய்ச்சேர்ந்துவிட்டது என்பதற்கு ரத்தத்தில் நம்பகமான அடையாளம் இல்லாவிட்டாலும் தோலில் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்த மருக்கள், முகத்தில் வரும் தட்டை மருக்கள் குறிப்பாக, ஒருநாள் திடீரென்று சிவந்து, லேசாக வீங்கி, அரிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் லிம்போசைட்டுகள் திரண்டிருப்பது தெரியும். சில வாரங்களில் எல்லாம் தட்டையாகி மறையும். சிவந்ததைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுபவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தக் களிம்பு சிவப்பை அடக்கும். சிவப்போடு வந்த லிம்போசைட்டுகளையும் அடக்கும். அரிப்பு தாங்க முடியவில்லையென்றால் தோல் மருத்துவரிடம் காட்டலாம். மற்றபடி அந்தச் சில வாரங்கள் மருவைத் தொடாமல் விட்டுவிடுவதே போதும்.